பழைய மண்வாரி யந்திரத்தில் ஹைட்ராலிக் கோளாறு: காரணம் கண்டறியும் முறை

குட்டையில் தூர் எடுத்தல், வாய்க்கால் வெட்டுதல், கரை அணைத்தல், குழாய் பதிக்கக் குழி தோண்டுதல் முதலிய வேலைகள் முற்காலத்தில் மண்வெட்டியாலும் கூடையாலும் நடைபெற்று வந்தன. இக்காலத்தில் இவற்றுள் பெரும்பாலானவற்றை மண்வாரி யந்திரமே செய்து முடிக்கின்றது. முன்புறம் அள்ளும் தொட்டியும் பின்புறம் தோண்டும் கையும் உடைய இவ்வியந்திரத்தை, எந்தக் கம்பெனியார் செய்ததாயினும், நமது ஜனங்கள் 'ஜேசிபி' என்றே அழைக்கின்றனர்.

சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம் வட்டாரத்தில் தோட்டமும் விசைத்தறியும் ஒருங்கே உடைய குடும்பங்கள் அநேகம். அவர்களுள் சிலர் பழைய மண்வாரி யந்திரம் ஒன்றை வாங்கித் தமது நிலத்து வேலைக்கும், ஒழிந்த நாட்களில் வாடகைக்கும் உபயோகித்து வருகின்றனர். 2024ஆம் வருஷம் ஆகஸ்டு 17ஆம் தேதி திறக்கப்பெற்ற அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர் ஜில்லாக்களின் 1,045 நீர்நிலைகள் சேர்க்கப்பட்டுள்ளன. நீர் வருமுன் குட்டையைத் தூர் எடுத்துக் கரையைச் செப்பனிட்டவரே அதன் முழுப் பயனை அடைவர். அத்தருணத்தில் யந்திரம் படுத்துவிடின், நஷ்டம் பழுதுபார்க்கும் செலவோடு நில்லாது. ஒரு வருஷத்து நீரும் போய்விடும்.

யந்திரம் பழையதாயின் இத்தொல்லை இருமடங்காகின்றது. இங்கிலாந்தில் பாம்போர்டு என்பவரின் கம்பெனி முதல் மண்வாரி யந்திரத்தை 1953இல் வெளியிட்டது. இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் கம்பெனியுடன் கூட்டாக 1979இல் தொடங்கிய அதன் தொழிற்சாலை, 2003இல் முழுதும் பாம்போர்டு கம்பெனியின் கைக்கு வந்தது. எல் அண்டு டி கேஸ் கூட்டு நிறுவனம் 2011லும், டெரெக்ஸ் கம்பெனியின் இந்தியக் கிளை 2017லும் கைமாறின. கம்பெனி கைமாறுவதால் மட்டும் உதிரிகள் கிடைக்காமற் போவதில்லை. ஆயினும், இருபது முப்பது வருஷத்துக்கு முந்திய மாதிரிகளுக்கு உதிரி எண் தெரிந்தவரும், கைப்புத்தகம் வைத்திருப்பவரும் அருகி வருகின்றனர். இந்நிலையில் சொந்தக்காரரே கோளாறின் காரணத்தை ஒருவாறு அறிந்திருத்தல் அவசியமாகும்.

இக்கட்டுரையின் சாரம் ஒன்றே. தொட்டி தூக்கவில்லை என்றவுடன் "பம்பு போய்விட்டது" என்று தீர்மானிப்பது தவறு. பம்பு இவ்வமைப்பில் விலை மிகுந்த உறுப்புகளுள் ஒன்றாகும். அதைக் கடைசியில் சந்தேகிக்க வேண்டுமேயன்றி முதலில் அன்று.

சக்தி உண்டாகும் விதம்

தொட்டியிலுள்ள எண்ணெயை உறிஞ்சு குழாய் வழியாகப் பம்பு இழுக்கின்றது. பம்பு தள்ளும் எண்ணெய் வால்வுக் கட்டைக்குச் சென்று, ஓட்டுபவர் அசைக்கும் நெம்புக்கோலுக்கு ஏற்ப உரிய சிலிண்டருக்குள் நுழைந்து பிஸ்டனைத் தள்ளுகின்றது. மறுபுறமுள்ள எண்ணெய் வடிகட்டி வழியாகத் தொட்டிக்குத் திரும்புகின்றது. அழுத்தம் எல்லை மீறாதபடி ரிலீப் வால்வு என்னும் காப்பு வால்வு காக்கின்றது. கை, தொட்டி, ஊன்றுகால் ஆகியவற்றின் கிளைகளுள் பலவற்றுக்குத் தனித்தனிச் சிறு காப்பு வால்வுகளும் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக உணரவேண்டும். பம்பு கொடுப்பது எண்ணெயின் ஓட்டம். அழுத்தம், சுமை எதிர்ப்பதனால் உண்டாவது. ஆகவே ஓட்டம் குறைந்தால் வேகம் குறையும். அழுத்தம் நிலைக்காவிடில் பலம் குறையும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே பல வீண் செலவுகளுக்கு மூலம்.

அழுத்தத்தின் அளவையும் அறிதல் நன்று. கார் சக்கரத்தில் அடிக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. மண்வாரி யந்திரத்தின் எண்ணெய் 200 பார் அளவில் வேலை செய்யுமாயின், அது சதுர அங்குலத்துக்குச் சுமார் 2,900 பவுண்டு ஆகும். 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பிஸ்டனை அவ்வழுத்தம் சுமார் 16 டன் பலத்தோடு தள்ளும்.

கை வைக்குமுன் செய்யவேண்டியவை

இத்தகைய அழுத்தத்தில் ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே புகும். 1937ஆம் வருஷத்திலேயே டீசல் எஞ்சினிலிருந்து உயர் அழுத்தத்தில் வந்த எண்ணெய் உடலுக்குள் புகுந்த விபத்தொன்று அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. வெளியே தெரிவது கொசு கடித்தது போன்ற சிறு புள்ளிதான். முதலில் வலியும் அதிகமிராது. உள்ளே தசை கெட்டு, தாமதித்தால் விரலையோ கையையோ எடுத்துவிட நேரிடும். ஆகையால் கசிவை ஒருகாலும் கையால் தடவித் தேடலாகாது; நீண்ட அட்டைத் துண்டைக் காட்டி, தள்ளி நின்று பார்க்கவேண்டும். எண்ணெய் தோலுக்குள் புகுந்ததாகச் சந்தேகம் தோன்றினாலும், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே சென்று, உயர் அழுத்த எண்ணெய் புகுந்தது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக் காத்திருப்பது கையை இழப்பதற்கு வழி.

எந்த மூட்டையும் கழற்றுமுன், முன்தொட்டியையும் பின்கையையும் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, எல்லா நெம்புக்கோல்களையும் இருபுறமும் பலமுறை அசைத்து அழுத்தத்தை வெளியேற்றுக. தொட்டி மூடியை மெதுவாகத் திறந்து உள்ளேயுள்ள காற்றையும் விடுக. தூக்கிய தொட்டியின் கீழே, இரும்பு முட்டுக் கொடாமல், ஒரு நிமிஷமும் நுழையலாகாது. எண்ணெய் தாங்குகிறது என்ற நம்பிக்கை ஒரு ரப்பர் வளையத்தின் மேல் வைத்த நம்பிக்கையே.

மூன்று கேள்விகள்

ஸ்பானரை எடுக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண்க.

முதலாவது: எல்லா வேலையும் குன்றிற்றா, ஒன்று மட்டும் குன்றிற்றா? தறி நடத்துவோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தறி நின்றால் அந்தத் தறியைப் பார்ப்பர். கொட்டகை முழுதும் நின்றால் மெயின் சுவிட்சைப் பார்ப்பர். அதுபோலவே முன்தொட்டி, பின்கை, ஊன்றுகால் யாவும் தளர்ந்தால் பொதுவான உறுப்புகளாகிய எண்ணெய், உறிஞ்சு குழாய், வடிகட்டி, பம்பு, பிரதான காப்பு வால்வு ஆகியவற்றில் கோளாறு. ஒன்று மட்டும் தளர்ந்து மற்றவை நன்றாக நடந்தால் பம்பைத் தொடவேண்டியதே இல்லை. சில மாதிரிகளில் இரட்டைப் பம்பு உண்டு. அவற்றில் ஒரு கூட்டம் வேலைகள் மட்டும் தளர்ந்தால், அக்கூட்டத்துக்கு எண்ணெய் தரும் பகுதியைப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது: குறைந்தது வேகமா, பலமா? வெறுந்தொட்டியே மெதுவாக எழுமாயின் ஓட்டம் குறைவு. வெறுந்தொட்டி விரைவாக எழுந்து, மண் நிரம்பியவுடன் நின்றுவிடுமாயின் அழுத்தம் நிலைக்கவில்லை. காப்பு வால்வு முன்னதாகவே திறக்கிறதென்று முதலில் கருதலாம்.

மூன்றாவது: குளிர்ந்தபோதா, சூடேறிய பிறகா? காலையில் நன்றாக வேலை செய்து, உச்சிப் பொழுதில் தளருமாயின், சூட்டினால் நீர்த்த எண்ணெய் தேய்ந்த உறுப்புகளின் இடைவெளியில் உள்ளுக்குள்ளேயே கசிகின்றது. காலையில் முனகித் திணறி, சூடேறியபின் சரியாகுமாயின், எண்ணெய் வேண்டியதற்கு மேல் தடித்ததாயிருக்கலாம். அல்லது உறிஞ்சும் வழி அடைபட்டிருக்கலாம்.

எல்லா வேலையும் குன்றினால்

பின்வரும் வரிசையைத் தவறாது பின்பற்றுக. முன்னே உள்ளவை செலவு குறைந்தவை.

1. எண்ணெயின் அளவு. யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, கைப்புத்தகமோ தகடோ கூறும் நிலையில் கையை மடித்து அளவு பார்க்க வேண்டும். கை நீண்டிருக்கும்போது எண்ணெயில் ஒரு பகுதி சிலிண்டருக்குள் இருப்பதால் அளவு பொய்யாகத் தோன்றும்.

2. எண்ணெயின் குணம். சிறிது எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்துப் பார்க்க. பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. நுரைத்திருந்து சிறிது நேரத்தில் தெளிந்தால் காற்று கலந்துள்ளது. கறுத்துத் தீய்ந்த நாற்றம் வீசினால் அதிகச் சூடு கண்டது. எஞ்சின் ஆயில், கியர் ஆயில் என்று கையில் கிடைத்ததை ஊற்றி நிரப்புவது பழைய யந்திரங்களில் காணும் வழக்கம், இது கெடுதல். கைப்புத்தகம் சொல்லும் தடிப்பு எண்ணையே வாங்குக. நம் நாட்டு வெப்பத்தில் இவ்வகை யந்திரங்களுக்குப் பெரும்பாலும் 46 அல்லது 68 என்ற எண்ணுள்ள ஹைட்ராலிக் எண்ணெயே வழங்குகின்றது.

3. உறிஞ்சு குழாய். கிணற்றுப் பம்பின் உறிஞ்சு குழாயில் எங்கேனும் காற்று இழுத்தால் நீர் ஏறாது என்பது தோட்டக்காரர் யாவரும் அறிந்தது. இங்கும் அதே நியாயம். உறிஞ்சு பக்கத்தில் விரிசல் கண்டால் எண்ணெய் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும். ஆகவே கண்ணுக்குக் கசிவு தெரியாது. பம்பு கூழாங்கல் உருட்டுவதுபோல் சத்தமிட்டு, எண்ணெய் நுரைக்குமாயின், எஞ்சின் மெதுவாக ஓடும்போது உறிஞ்சு குழாயின் மூட்டுகளில் மட்டும் கெட்டியான கிரீஸைத் தடவிப் பார்க்க. சத்தம் மாறினால் அம்மூட்டே குற்றவாளி. சுழலும் தண்டுக்கும் பெல்ட்டுக்கும் கையை எட்ட வைத்துக் கொள்க. அழுத்தப் பக்கத்துக் குழாய்களில் இச்சோதனையைச் செய்யலாகாது.

நுரையின்றி, பம்பு ஊளையிடுவதுபோல் ஒலித்தால் வழி அடைபட்டுள்ளது. தொட்டியினுள்ளே இருக்கும் சல்லடையையும் குழாயின் உட்புறத்தையும் பார்க்கவேண்டும். நமது வட்டாரத்தில் ஒருவர் யந்திரத்துக்குப் புதிய பம்பு மாற்றியும் தளர்ச்சி நீங்கவில்லை. இறுதியில் பழைய உறிஞ்சு குழாயைக் கழற்றிக் கீறிப் பார்த்தபொழுது, உள்ளே ரப்பர்த் தோல் உரிந்து, எஞ்சின் வேகம் கூடுந்தோறும் வாயை மூடிக்கொண்டிருந்தது தெரிந்தது. வெளிப்பார்வைக்கு அக்குழாய் புதியது போலவே இருந்தது.

4. வடிகட்டி. பழைய வடிகட்டியை எறிந்துவிடாமல் வெட்டி விரித்துப் பார்க்க. காந்தத்தில் ஒட்டும் பொடி எஃகு அல்லது வார்ப்பிரும்புத் தேய்மானம். ஒட்டாத மஞ்சள் மினுக்கு பித்தளை, வெண்கல உறுப்புகளின் தேய்மானம். வெள்ளை மினுக்கு அலுமினியம். கறுப்புத் துணுக்கு சீலோ குழாயோ சிதைவதைக் காட்டும். வடிகட்டி இவ்வாறு சாட்சி சொல்வதைப் பலர் கேட்பதே இல்லை.

5. குளிர்ப்பான். எண்ணெய்க் குளிர்ப்பான் உள்ள யந்திரத்தைத் தறிக் கொட்டகை ஓரமாக நிறுத்துவோர், அதன் தகடுகளின் இடையே பஞ்சுத் தூசி அடைவதைக் கவனிக்க வேண்டும். எண்ணெயின் சூடு 80 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் நெடுநேரம் நிற்குமாயின் எண்ணெயும் சீல்களும் விரைவில் கெடும்.

6. பம்பை ஓட்டும் இணைப்பு. எல்லா வேலையும் ஒரே கணத்தில் அடியோடு நின்றுவிட்டால், பம்பு சுழல்கிறதா என்று பார்க்க. தண்டின் பற்கள் மழுங்கியோ இணைப்பு முறிந்தோ இருக்கலாம். பம்பு அப்போதும் நல்லதே.

7. பிரதான காப்பு வால்வு. 400 பார் வரை காட்டும் அழுத்தமானியைச் சோதனைத் துவாரத்தில் பொருத்தி, ஒரு சிலிண்டரை அதன் எல்லைவரை ஓட்டி, சில விநாடி மட்டும் பிடித்துப் பார்க்கவேண்டும். அழுத்தம் குறைந்தால், வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து, இருக்கையில் மண்துகள் சிக்கியுள்ளதா, சுருள் முறிந்துள்ளதா என்று காண்க. தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான். அதில் ஏழில் ஒரு பங்கான துகளும் இவ்விடத்தில் குழப்பம் விளைக்கவல்லது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. அழுத்தமானி இன்றிக் காப்பு வால்வின் திருகை முடுக்கிப் பலத்தை வரவழைப்பது மிக அபாயம். அன்று யந்திரம் தூக்கும். மறுநாள் குழாய் வெடிக்கும், அல்லது பம்பின் உடல் பிளக்கும். குழாய் வெடித்தால் அருகில் நிற்பவருக்கு உயிர்ச்சேதமும் நேரலாம்.

8. பம்பு. மேற்கூறிய ஏழும் குற்றமற்றவையாகக் காணப்பட்டு, வேகமும் பலமும் சூடேறச் சூடேறக் குறைந்து, வடிகட்டியிலும் உலோகப் பொடி கண்டால் மட்டும் பம்பைக் கழற்றலாம். பட்டறையில் ஓட்டமானி கொண்டு அளந்து உறுதி செய்துகொள்வது உத்தமம். பம்பை மாற்றும்போது தொட்டியைக் கழுவி, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுக. இல்லையேல் பழைய பம்பின் பொடி புதிய பம்பைத் தின்றுவிடும்.

ஒரு வேலை மட்டும் குன்றினால்

முதலில் நெம்புக்கோல் வால்வை முழுதும் நகர்த்துகிறதா என்று பார்க்க. தேய்ந்த ஊசியும் வளைந்த கம்பியும் ஹைட்ராலிக் கோளாறுபோல் வேஷமிடும். அடுத்து அக்கிளையின் குழாய்களைப் பார்க்க.

பின்னர் அக்கிளையின் சிறு காப்பு வால்வு. அதே யந்திரத்தில் அதே அமைப்பும் அதே அழுத்த அளவும் உடைய வேறொரு கிளையின் வால்வோடு மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். கோளாறும் கூடவே இடம் மாறினால் காரணம் அகப்பட்டது. அளவு வேறாயின் இவ்விதம் மாற்றலாகாது.

தூக்கிய கை தானே இறங்குமாயின், வால்வின் உட்தண்டு தேய்ந்திருக்கலாம், சிறு காப்பு வால்வு கசியலாம், அல்லது பிஸ்டன் சீல் அறுந்திருக்கலாம். பிஸ்டன் சீலைச் சோதிக்கத் தேர்ந்த மெக்கானிக்கு சிலிண்டரை முழுதும் நீட்டி, அழுத்தத்தை வெளியேற்றி, தண்டுப் பக்கத்துக் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்து, மறுபக்கத்துக்கு மட்டும் அழுத்தம் கொடுப்பார். திறந்த வாயில் எண்ணெய் இடைவிடாது வந்தால் சீல் போயிற்று. ஊன்றுகால் இறங்குவதை அற்பமாக எண்ணற்க. கரைமேல் நின்று தோண்டும்போது ஒருகால் அமிழ்ந்தால் யந்திரமே சாயும்.

உதிரி கிடைக்காதபோது

கம்பெனிப் பெயரையும் உதிரி எண்ணையும் கேட்டுக் கடை கடையாய் அலைவதைவிட, அளவைக் கொண்டு வாங்குவதே பழைய யந்திரத்துக்கு ஏற்றது. சீலுக்கு வேண்டியவை: தண்டின் குறுக்களவு, சிலிண்டரின் உட்குறுக்களவு, சீல் அமரும் பள்ளத்தின் அகலம், ஆழம். அறுந்த சீலை அளக்காமல் பள்ளத்தை அளக்க வேண்டும்; பழைய சீல் ஊதியோ சுருங்கியோ இருக்கும். தண்டின் குரோமியப் பூச்சில் கீறல் இருந்தால் எத்தனை சீல் போட்டாலும் நிலைக்காது. கோயமுத்தூர்ப் பட்டறைகளில் தண்டுக்கு மீண்டும் குரோமியம் ஏற்றி அரைத்துக் கொள்ளலாம்.

குழாய்க்கு வேண்டியவை: உட்குறுக்களவு, நீளம், இருமுனை மரைகளின் வகை, கம்பிப் பின்னல் எத்தனை அடுக்கு என்பது. ஒற்றைப் பின்னல் குழாயை இரட்டைப் பின்னலுக்குப் பதிலாகப் போடலாகாது. குழாயின் இருவாயையும் மூடியே பட்டறையிலிருந்து கொணர்க.

பம்புக்கு வேண்டியவை: சுழலும் திசை, தண்டின் பற்கள் எத்தனை, முகத்தட்டின் துளை அளவு, ஒரு சுற்றுக்கு எத்தனை கன சென்டிமீட்டர் எண்ணெய் தள்ளும் என்பது, எந்த அழுத்தம் தாங்கும் என்பது. ஒரு சுற்றுக்கு 33 கன சென்டிமீட்டர் தள்ளும் பம்பு நிமிஷத்துக்கு 2,200 சுற்றுச் சுழன்றால், கணக்குப்படி சுமார் 72 லிட்டர் தரும். இவ்விவரங்கள் ஒத்த வேறு கம்பெனிப் பம்பும் வேலை செய்யும். பெரிய பம்பு போட்டால் வேலை விரைவாகும் என்று எண்ணி மாற்றுவது குழாய்க்கும் வால்வுக்கும் தாங்காது.

குறிப்புப் புத்தகமும் கடிகாரமும்

யந்திரம் நல்ல நிலையில் இருக்கும்போதே, சூடேறிய எண்ணெயில் குறித்த எஞ்சின் வேகத்தில், முன்தொட்டி தரையிலிருந்து உச்சிக்கு எழ எத்தனை விநாடி, பின்கை மடங்கி விரிய எத்தனை விநாடி என்று கடிகாரம் வைத்து எழுதிக் கொள்க. பிரதான அழுத்தத்தையும் குறித்துக்கொள்க. கம்பெனியின் கைப்புத்தகம் கிடைக்காதவருக்கு இதுவே கைப்புத்தகம்.

வாடகைக்கு அமர்த்துவோருக்கும் இது பயன்படும். ஒருமுறை தோண்டிக் கொட்ட 20 விநாடி ஆகும் வேலைக்கு 30 விநாடி எடுத்தால், 8 மணி வேலை 12 மணியாகும். மணிக்கணக்கில் வாடகை கொடுப்பவர் அந்த 4 மணிக்கும் கொடுக்கிறார்.

கிராம அதிகாரிகள் இரண்டு விஷயங்களைக் கவனித்தல் நலம். தூர் எடுக்கும் இடத்தில் தூக்கிய கையின் கீழும் சுற்று வட்டத்திலும் ஜனங்களும் குழந்தைகளும் நிற்காதபடி தடுக்க வேண்டும். கழித்த எண்ணெயைக் குட்டையிலோ வாய்க்காலிலோ கொட்ட விடலாகாது. 2016ஆம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளின்படி அது உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேரவேண்டிய பொருள். நீருக்காகத் தோண்டிய குட்டையை எண்ணெயால் கெடுப்பது யாருக்கும் லாபமன்று.

சுருங்கக் கூறின்: முதலில் அபாயம் நீக்கு, பின் மூன்று கேள்விகளைக் கேள், எண்ணெயில் தொடங்கிப் பம்பில் முடி, அளக்காமல் எதையும் மாற்றாதே. இம்முறையைக் கைக்கொள்வோர், கம்பெனியின் உதவி கிடைக்காத பழைய யந்திரத்தையும் இன்னும் பல பருவங்களுக்கு உழைக்க வைக்கலாம். அடுத்த மழைக்கு முன் ஒருநாளை ஒதுக்கி, புட்டியில் சிறிது எண்ணெய் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குவார்களாக.